கடை சாத்தின பிறகு பாஸ்வேர்ட் யார் அடிப்பது?

[திரை: ஷட்டர் பாதி இறங்கிய போட்டோ ஸ்டுடியோ, உள்ளே ஒரு கம்ப்யூட்டர்]

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோ. முகூர்த்த நாட்கள் வந்துவிட்டால் தினமும் கட்டுக்கட்டாகக் கல்யாணப் படங்கள் ஆல்பம் போடும் லேபின் எஃப்டிபி சர்வருக்கு, அதாவது நெட் வழியாக ஃபைல்களை வாங்கிக்கொள்ளும் கம்ப்யூட்டருக்கு, போக வேண்டும். அண்ணாச்சி ராத்திரி உட்கார்ந்து யூசர் பெயர், பாஸ்வேர்ட் அடித்து அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். "இது தானாப் போவாதாடே?" என்று கேட்டார். போகும். லினக்ஸ், மேக் கம்ப்யூட்டர்களில் அதற்கென்றே 'நெட்ஆர்சி' என்று ஒரு வழி பல வருடமாக இருக்கிறது. யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் அந்த ஃபைலில் எழுதி வைத்தால், படங்களை அனுப்பும் புரோகிராம் தானே எடுத்துக்கொள்ளும்.

அதற்கு முன் ஒன்று. அனுப்பும் கட்டளைகளை எழுதி வைக்கிற ஸ்கிரிப்டுக்குள்ளேயே பாஸ்வேர்டை எழுதாதீர்கள். நான் அப்படி எழுதியிருந்த ஒரு ஸ்கிரிப்டை தென்காசி நண்பருக்கு உதவியாக இருக்கட்டும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வாடிக்கையாளரின் பாஸ்வேர்டும் கூடவே போய்விட்டது. அன்றே மாற்றச் சொன்னேன், ஆனாலும் அந்தப் பதைப்பு இன்னும் இருக்கிறது.

[திரை: வெற்று ஃபைல், பெயர் டாட் நெட்ஆர்சி]

உங்கள் ஹோம் டைரக்டரியில் புள்ளியில் தொடங்கும் பெயரோடு இந்த ஃபைலை உருவாக்குங்கள். உள்ளே ஒரே வரி போதும். 'மெஷின்', பக்கத்தில் சர்வர் பெயர். 'லாகின்', பக்கத்தில் யூசர் பெயர். 'பாஸ்வேர்ட்', பக்கத்தில் பாஸ்வேர்ட். கட்டளையில் எந்தச் சர்வர் பெயரைத் தருகிறீர்களோ அதே பெயர் இங்கேயும் இருக்கட்டும். 'டிஃபால்ட்' என்று ஒரு வரி வைத்தால் அது எந்தச் சர்வருக்கும் பொருந்திவிடும். அதனால் அதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். மேலே வைத்தால் கீழே உள்ளவை எட்டாமலே போகும்.

[திரை: சிஹெச்மாட் 600]

சரி, இப்போது பூட்டு. வீட்டுச் சாவியை விளக்கு மாடத்தில் வைத்துவிட்டுப் போகிற மாதிரிதான் இந்த ஃபைல். எழுத்தெல்லாம் அப்படியே படிக்கக் கிடக்கிறது. 'சிஹெச்மாட்' என்பது ஃபைலை யார் திறக்கலாம் என்று வைக்கும் கட்டளை. அதில் 600 என்றால் உங்களுக்கு மட்டும் படிக்கவும் எழுதவும் உரிமை. பழைய எஃப்டிபி புரோகிராம்கள், மற்றவர்கள் படிக்க முடியும் என்று கண்டால் பாஸ்வேர்டை எடுக்கவே மறுத்துவிடும். ஃபைல் அனுப்பும் இன்னொரு கட்டளையான 'கர்ல்' அப்படித் தடுக்காது, அங்கே பொறுப்பு முழுக்க நம்முடையது.

இன்னொரு குழப்பம் பலரைப் பிடிக்கிறது. எஃப்டிபி கட்டளையில் 'மைனஸ் என்' போட்டால் தானியங்கி லாகின் நின்றுபோகும். கர்லில் அதே 'மைனஸ் என்' போட்டால்தான் இந்த ஃபைலையே படிக்கும்!

அப்புறம் கிரான், அதாவது குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதி. ராத்திரி வேலை எந்த யூசர் பெயரில் ஓடுகிறதோ, அவருடைய ஹோம் டைரக்டரியில்தான் ஃபைலைத் தேடும். கையால் ஓட்டினால் போகிறது, ராத்திரி மட்டும் போகவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

[திரை: கம்பியில் ஓடும் எழுத்துகள்]

இவ்வளவு பூட்டினாலும், எஃப்டிபி பாஸ்வேர்டை மறைக்காமல்தான் வழியில் அனுப்புகிறது. அதன் இப்போதைய விதிமுறை எழுதப்பட்டது 1985இல். பாஸ்வேர்டுகள் வழியில் திருடப்பட்டதைப் பார்த்துத்தான் பின்லாந்தில் டாட்டு யுலோனன் 1995இல் எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஸ்ஹெச்-ஐ உருவாக்கினார். அதன்மேல் ஓடி ஃபைல்களை அனுப்புவது எஸ்எஃப்டிபி. அந்தக் கட்டளை நெட்ஆர்சியைப் பார்ப்பதே இல்லை, தானாக லாகின் ஆக அதற்குப் பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு சாவி ஜோடி வேண்டும். 'எஸ்எஸ்ஹெச் கீஜென்' இரண்டு ஃபைல் தரும். பொதுச் சாவியை லேபுக்கு அனுப்பலாம், அது யார் கையில் கிடைத்தாலும் பரவாயில்லை. தனிச் சாவி கடைக் கம்ப்யூட்டரை விட்டு நகரக் கூடாது. அதற்கும் அதே 600தான், இல்லையென்றால் எஸ்எஸ்ஹெச் அதைத் தொடாது.

ஆகவே நெட்ஆர்சி எழுதுவதற்கு முன் லேபுக்கு ஒரு போன் போட்டு, எஸ்எஃப்டிபி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் பொதுச் சாவியை அன்றே அனுப்பிவிடுங்கள்.