கை சரியானது, தலைவலி போகவில்லை

வணக்கம் நேயர்களே. "அதான் ஆபரேஷன் முடிஞ்சிருச்சே, அப்புறம் எதுக்குத் தலைவலி?" கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் எல்லாரும் கேட்பது இது. கேள்வி நியாயமானதுதான், பதில்தான் பலருக்குத் தெரிவதில்லை.

என் பைக்கைப் பின்னாலிருந்து ஒரு வேன் இடித்ததில், கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கிவிட்டது. அதை எடுத்துவிட்டு, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து இரண்டு எலும்பையும் சேர்த்தார்கள். கட்டைவிரல் மரமரப்பு போயிற்று. பிடரியில் கிளம்பி வலது கண்ணுக்குப் பின்னால் போய் உட்காரும் வலி மட்டும் போகவில்லை.

கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், முகத்துக்கும் நெற்றிக்குமான நரம்பும் வலியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் ஒன்றே. அதனால் மேல்கழுத்து மூட்டில் வலித்தால், கண்ணில் வலிப்பதாக மூளை எடுத்துக்கொள்கிறது. எனக்கு ஆபரேஷன் நடந்ததோ அதற்குக் கீழே, கைக்குப் போகும் நரம்பை விடுவிக்க. இதை முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால், ஆபரேஷன் தோற்றுவிட்டதோ என்று கலங்கியிருக்க வேண்டாம்.

ஸ்கேன் பல நேரம் நார்மல் என்றே வரும். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் "வலிக்குது" என்று சொல்வது, பொய்சாட்சி சொல்வது மாதிரி இருக்கும். சொல்லத்தான் வேண்டும்.

மாத்திரை விஷயம் முக்கியம். பாரசிட்டமால் மாதிரி சாதாரண மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், மாத்திரையே தலைவலியை வளர்க்கும். பல மருந்து கலந்த மாத்திரைக்கு 10 நாளே போதும். போட்ட நாளெல்லாம் காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். கோடுகள் கூடினால் அந்தக் காலண்டர் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். அவர் மாத்திரையைக் குறைப்பதற்கு வழி சொல்வார், பிசியோதெரபிக்கு அனுப்புவார், தேவைப்பட்டால் பிடரி நரம்பில் ஊசி போடச் சொல்வார்.

சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைப் பிடித்துச் சொடுக்கெடுக்க வருவார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள், இருந்தாலும் நாற்காலியில் உட்காரும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பரணில் பாத்திரம் எடுப்பதும் இனி வேறு ஆள் வேலை.

நடை தடுமாறினாலோ, கை கால் வலுவிழந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, இதுவரை காணாத வலி திடீரென்று மண்டையைப் பிளந்தாலோ, காலண்டரைப் பார்க்காதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். வணக்கம்.