மொன்ஷாவ்: ஆற்று நீர் வளர்த்த ஊர்

அவையோருக்கு வணக்கம்.

ஜெர்மனியின் மேற்கு ஓரம், பெல்ஜியம் எல்லையருகே, ஐஃபெல் மலைப்பகுதியில் ரூர் ஆறு அறுத்த ஒடுக்கமான பள்ளத்தாக்கில் இருக்கிறது மொன்ஷாவ். நிலக்கரிச் சுரங்கங்களால் பேர்பெற்ற ரூர் ஆறு வேறு. அது ரைனில் கலக்கிறது. இந்த ரூர், நெதர்லாந்து போய் மாஸ் ஆற்றில் சேருகிறது. 1918 வரை ஊரின் பெயர் மோன்ஷ்வா, பிரெஞ்சுப் பெயர். நகர உரிமை கிடைத்தது 1352இல்.

வயலுக்கு இடமில்லாத இந்தப் பள்ளத்தில் பணக்கார ஊர் எப்படி வந்தது? விடை தண்ணீரில் இருக்கிறது. ரூர் பிறப்பது ஹோஹெஸ் ஃபென் என்ற மேட்டுச் சதுப்பில். அங்கே சுண்ணாம்புக்கல் இல்லை. ஆகவே ஆற்று நீர் மென்னீர். இந்த ஊரை வளர்த்தது கம்பளித் துணித் தொழில். அதற்கான ஆட்டுமயிரில் பிசுக்கு அதிகம். கடின நீரில் கழுவினால் சோப்பு நுரைக்காமல் திரிந்து, இழையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

கழுவிய மயிரை நூற்று, நெய்து, துணியை ஈரத்தோடு மரச் சம்மட்டிகளால் இடிப்பார்கள். சம்மட்டியை இயக்குவதும் ஆறுதான். இடிக்க இடிக்க இழைகள் பின்னிக்கொண்டு துணி சுருங்கித் தடிக்கும். அப்படியே உலரவிட்டால் கோணலாகும். அதனால் சட்டங்களில் கொக்கி மாட்டி, இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். அதன்பின் மேற்பரப்பு மயிரைக் கிளப்பி, ஒரே மட்டமாகக் கத்தரிப்பார்கள்.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் துணி வணிகர் யோஹான் ஹைன்ரிஷ் ஷைப்லர் கட்டிய சிவப்பு வீட்டில் இந்த வேலைகளை இன்றும் பார்க்கலாம். ஓக் மரப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் 21 காட்சிகள். துணி வேலை செய்பவர்கள் எல்லாம் குழந்தை உருவங்கள். முதலாளியின் செல்வத்தைக் காட்டச் செதுக்கியதுதான். ஆனாலும் தொழிலை இவ்வளவு அன்போடு மரத்தில் வைத்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஸ்பெயினின் மெரினோ ஆட்டு மயிரை வரவழைத்து நேர்த்தியான துணி செய்தவர்கள், 1815இல் பிரான்ஸின் கையிலிருந்த ஊர் பிரஷ்யா என்ற ஜெர்மன் அரசிடம் போனபோது பிரெஞ்சுச் சந்தையை இழந்தார்கள். நீராவி இயந்திரம் வந்ததும் நிலக்கரி தேவைப்பட்டது. அதை இந்தப் பள்ளத்துக்குள் வண்டியில்தான் இறக்க வேண்டும். 1885இல் வந்த ரயிலும் மேலே மேட்டுநிலத்தோடு போய்விட்டது.

அன்று ஆற்றை விட்டு விலகாமல் கட்டிய வீடுகளின் சுவர்கள் இன்றும் நீர்விளிம்பிலிருந்தே எழுகின்றன. பழைய நகருக்குள் ரூரோடு லௌஃபன்பாக் ஓடையும் கலக்கிறது. பெருமழையில் இரண்டும் சேர்ந்து வந்தால் வெள்ளம் பரவ வேறு இடமில்லை. 2021 ஜூலையில் பழைய தெருக்களுக்குள்தான் புகுந்தது.