‘ரன்’னுக்கு ஏன் இத்தனை அர்த்தம்?

[திரையில்: ஆபீஸ் மேசை. லேப்டாப்பில் ஒரு மெசேஜ் வந்து விழுகிறது.]

புதுசா ஒரு ஐடி வேலையில சேர்ந்திருக்கீங்க. மேனேஜர்கிட்டேருந்து மெசேஜ்: “ரன் த ஸ்கிரிப்ட் பை மீ ஃபர்ஸ்ட்.” ஸ்கிரிப்டை, அதாவது அந்தக் குட்டி புரோகிராமை, ரன் பண்ணச் சொல்றாருன்னு நினைச்சு, உடனே ஓட்டிவிட்டுடறீங்க. அவர் சொன்னதோ நேர் எதிர்! ஏன்னு கடைசியில பார்ப்போம்.

வணக்கம். இன்னைக்கு நம்ம சொல் ‘ரன்’. சின்ன வகுப்புல ‘ஓடு’ன்னு படிச்சோமே, அதேதான்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியோட இரண்டாம் பதிப்பு 1989-ல வந்தப்போ, அதுல விளக்கம் ரொம்ப நீளமா இருந்த சொல் ‘செட்’. அப்புறம் மூணாம் பதிப்புக்காக ‘ரன்’னைத் திருத்தி எழுதினாங்க. வினைச்சொல்லா வர்ற ‘ரன்’னுக்கு மட்டும் 645 அர்த்தம். பீட்டர் கில்லிவர்ங்கிற அகராதி ஆசிரியர் இந்த ஒரே சொல்லோட மாசக்கணக்கா உட்கார்ந்திருந்தார்.

பயந்துடாதீங்க. இதுல நிறைய உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

[திரையில்: ஆறு, ஃபேன், சினிமா போஸ்டர்]

ஆறு ஓடுது. ஃபேன் ஓடுது. படம் அம்பது நாள் ஓடுச்சு. “மனசுல என்ன ஓடுது?” இதுல எதுக்கும் கால் கிடையாது. ஆனா ஏதோ ஒண்ணு நிக்காம போய்க்கிட்டே இருக்கு. ஆங்கில ‘ரன்’னுக்குள்ள இருக்கிறதும் இதே படம்தான். நீராவி எஞ்சின், ரயில், கம்ப்யூட்டர் புரோகிராம்னு ஒவ்வொண்ணா வர வர, எல்லாமே ‘ரன்’ ஆக ஆரம்பிச்சது.

ரெண்டு மொழியும் பிரியற இடம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். “ஷீ ரன்ஸ் எ ஸ்கூல்.” இதை ‘பள்ளிக்கூடம் ஓட்டுறாங்க’ன்னு சொல்லிப் பாருங்க. மரியாதை குறையுது இல்ல? “ஏதோ வண்டி ஓடுது”ன்னு சலிச்சுக்கிற தொனி வந்துடுது. நாம ‘நடத்துறாங்க’ன்னுதான் சொல்வோம். நடத்துறதுன்னா நடக்க வைக்கிறது! பள்ளிக்கூடம், கட்சி, குடும்பம் எல்லாத்தையும் ஆங்கிலம் ஓட வைக்குது, தமிழ் நடக்க வைக்குது. மொழிபெயர்க்கும்போது இந்த ஒரு இடத்துல கவனமா இருந்தா, எழுத்து உடனே தமிழாயிடும்.

தேர்தல் இன்னும் அழகு. அமெரிக்காவுல வேட்பாளர் ‘ரன்’ பண்ணுவார். பிரிட்டன்ல ‘ஸ்டேண்ட்’ பண்ணுவார். நம்ம ஊர்லயும் தேர்தல்ல நிக்கத்தான் செய்வாங்க.

பக்கத்துல ஒரு குட்டிச்சொல் சேர்ந்தா அர்த்தம் திரும்பிடும். ‘ரன் அவுட் ஆஃப் சுகர்’னா சர்க்கரை தீர்ந்துபோச்சு. ‘ரன் இன்டு’ன்னா கடைத்தெருவுல பழைய சிநேகிதரை எதேச்சையா பார்க்கிறது, வண்டி கம்பத்துல மோதினாலும் அதேதான். ‘ரன் டௌன்’னா உடம்பு அசந்துபோய்க் கிடக்கிறது.

[திரையில்: ஆலையிலிருந்து வரும் துணி உருளைகள்]

‘ரன் ஆஃப் த மில்’ கேட்டிருப்பீங்க. ஆலையிலேருந்து சரக்கு வந்தபடியே இருக்கு; நல்லது, சுமார்னு இன்னும் தரம் பிரிக்கலை. அதனாலதான், சிறப்பா சொல்ல ஒண்ணும் இல்லாத சாதாரண விஷயத்துக்கு அந்தப் பேர்.

‘ரன் த கான்ட்லெட்’ வேற கதை. கான்ட்லெட்னா இரும்புக் கையுறை. கையுறையை எப்படி ஓட்டுறது? இதோட வேர் ஸ்வீடிஷ் மொழியில இருக்கு: சந்துல ஓடுறதுன்னு பொருள் தர்ற ஒரு சொல். அது ராணுவ தண்டனை. வீரர்கள் கையில கம்போட ரெண்டு வரிசையா நிப்பாங்க. குற்றவாளி நடுவுல ஓடணும், ரெண்டு பக்கமும் அடி விழும். 17-ஆம் நூற்றாண்டுல இது ஆங்கிலத்துக்குள்ள வந்துச்சு. ஒலி கிட்டத்தட்ட ஒண்ணா இருந்ததால, தெரிஞ்ச சொல்லான கையுறை அந்த இடத்துல உட்கார்ந்துடுச்சு. இன்னைக்கு, நிருபர்கள் ரெண்டு பக்கமும் கேள்வியால துளைக்க, நடுவுல ஒருத்தர் நடந்து போனாலும் இதையேதான் சொல்றாங்க.

[திரையில்: மறுபடி அதே மெசேஜ். ‘பை மீ’ என்ற இடம் மட்டும் ஒளிர்கிறது.]

இப்போ அந்த மெசேஜுக்கு வருவோம். ‘பை மீ’ன்னா என் பக்கமா, என் கண்ணுக்கு முன்னாடி. அதாவது, “ஸ்கிரிப்டை முதல்ல எங்கிட்ட ஒரு தடவை காட்டிடு.” பார்த்துட்டு அவர் சரின்னு சொன்ன பிறகுதான் ரன் பட்டன்.