உங்களை யாராவது ‘வியர்ட்’ என்று சொன்னால் இந்த வீடியோவைக் காட்டுங்கள்

சக்கரவர்த்தி. விருத்தம். பரிவர்த்தனை. இந்த மூன்று சொற்களுக்கும் ஆங்கிலத்தில் ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது. அதன் பெயர் ‘வியர்ட்’. ஆமாம், ‘அந்த ஆள் ஒரு மாதிரி வியர்ட்’ என்று நாம் தினமும் சொல்கிறோமே, அதே வியர்ட்தான். எப்படி என்று சொல்கிறேன், தள்ளிவிட்டுப் போய்விடாதீர்கள். நடுவில் தாடி வைத்த மூன்று பெண்கள் வேறு வருகிறார்கள்.

முதலில் கொஞ்சம் இலக்கணம். வேகமாக முடித்துவிடுகிறேன். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இது ஒரு பெயர்ச்சொல். பொருள்: விதி, தலையெழுத்து. விசித்திரம் என்ற வாடையே கிடையாது. ‘ஆகு’ என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. எது ஆகியே தீருமோ, அதுதான் வியர்ட். ஜெர்மன் படித்தவர்களுக்கு ‘வெர்டன்’ தெரிந்திருக்கும், அதே குடும்பம்.

இன்னும் பின்னால் போனால், ‘திரும்பு, சுழல்’ என்ற பொருளுள்ள இந்தோ-ஐரோப்பிய வேர். அது சமஸ்கிருதத்தில் ‘வ்ருத்’. அங்கிருந்துதான் மேலே சொன்ன மூன்றும் தமிழுக்கு வந்தன. லத்தீன் வழியாகப் போன கிளை, ஆங்கிலத்தில் செய்யுளைக் குறிக்கும் ‘வெர்ஸ்’ ஆனது. இப்போது கம்பனை நினைத்துப் பாருங்கள். பட்டம் கவிச்சக்கரவர்த்தி. பேர் வாங்கித் தந்த பா, விருத்தம். ஒரே மனிதரிடம் இந்த வேர் இரண்டு தடவை! எனக்கு இது போதும், இன்றைக்குச் சோறு இறங்கிவிடும்.

(திரையில்: மரச்செதுக்குப் படம், குதிரையில் இரண்டு வீரர்கள், எதிரே மூன்று பெண்கள்)

சரி, தலையெழுத்து எப்படி ‘ஒரு மாதிரி’ ஆனது? இங்கேதான் கதை.

நடுக்காலத்தில் விதியைக் குறிக்கும் ‘ஃபேட்’ போன்ற வேறு சொற்கள் உள்ளே நுழைந்து இடத்தைப் பிடித்துக்கொள்ள, இங்கிலாந்தில் வியர்ட் கிட்டத்தட்டச் செத்துவிட்டது. ஸ்காட்லாந்தில் மட்டும் உயிரோடு இருந்தது. மனிதர்களின் விதியை முடிவு செய்யும் தேவதைகளுக்கு அங்கே ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ என்று பெயர். 1577-ல் ஹாலின்ஷெட் என்பவர் லண்டனில் வெளியிட்ட வரலாற்று நூலில் இந்தச் சகோதரிகள், பிற்பாடு ஸ்காட்லாந்து அரசனான மக்பெத் முன்னால் வந்து நிற்கிறார்கள். ஆசிரியர் பக்கத்திலேயே ஓர் உரையும் சேர்த்துவிடுகிறார்: அதாவது விதியின் தேவதைகள் என்று. அப்போதே லண்டன் வாசகருக்கு இந்தச் சொல் புரியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இப்போது திரையில் பார்க்கிறீர்களே, அந்தப் புத்தகத்தில் வந்த படம்தான். நன்றாக உடுத்திய, கௌரவமான மூன்று சீமாட்டிகள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள்.

அந்தப் புத்தகம் ஷேக்ஸ்பியர் கைக்குப் போகிறது. சுமார் 1606-ல் அது ‘மக்பெத்’ நாடகமாகிறது. சீமாட்டிகள் காலி! வெடித்த விரல், வற்றிய உதடு, முகத்தில் தாடி. ‘பெண்கள் என்று சொல்லலாம், ஆனால் தாடி தடுக்கிறதே’ என்று மக்பெத்தின் கூடவரும் தளபதி பாங்க்வோ நேராகவே சொல்கிறான். அப்புறம் அவர்கள் மந்திரம் போட்டுக் காய்ச்சும் கொப்பரை: தவளையின் கால்விரல், வௌவால் மயிர், நாயின் நாக்கு, ஆறவைக்கக் கடைசியில் பபூன் குரங்கின் ரத்தம். இந்தச் செய்முறையை யூடியூபில் போட்டால் சேனலை மூடிவிடுவார்கள்.

நாடகத்தில் இவர்கள் இன்னும் வியர்ட் சிஸ்டர்ஸ்தான், விதிச் சகோதரிகள்தான். ஆனால் கேட்பவருக்கு அந்தச் சொல் தெரியாதே! ‘ஊழ்’ என்றால் என்னவென்று தெரியாத ஒரு பிள்ளையை நாடகத்துக்குக் கூட்டிப்போய், ‘ஊழ்க் கிழவிகள்’ என்று மூன்று பயங்கரக் கிழவிகளைக் காட்டுங்கள். ஊழ் என்றால் பயங்கரம் என்றுதானே அது வீட்டுக்கு வந்து சொல்லும்? அதேதான் நடந்தது. ஒரு மொழியே அந்தப் பிள்ளை மாதிரி நடந்துகொண்டது.

இதில் எனக்குப் பிடித்தது அச்சுக்கூடத்துக் கூத்து. ஷேக்ஸ்பியர் இறந்தபின் 1623-ல் வந்த பெரிய தொகுப்பில், இந்த நாடகத்தின் எந்த இடத்திலும் ‘வியர்ட்’ என்ற எழுத்துக்கூட்டலே இல்லை. சில இடத்தில் ‘வெய்வார்ட்’, சில இடத்தில் ‘வெயார்ட்’. முதலாவதைப் பார்த்தால் ‘அடங்காத, முரண்டு பிடிக்கிற’ என்ற வேறு சொல் மாதிரி இருக்கும். நூறு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடியது. லூயிஸ் தியோபால்ட் என்ற பதிப்பாசிரியர், வக்கீல் தொழில் படித்தவர், ஹாலின்ஷெட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து 1733 பதிப்பில் ‘வியர்ட்’ என்று திருத்தினார். அதாவது, உலகமே ஷேக்ஸ்பியர் தந்ததாக நினைக்கும் அந்த எழுத்துக்கூட்டல் ஒரு வக்கீலின் திருத்தம்! பள்ளியில் இதைச் சொல்லித் தந்திருந்தால் நான் ஆங்கில வகுப்பில் தூங்கியிருக்க மாட்டேன்.

அதற்கப்புறம் எல்லாம் சரசரவென்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷெல்லி, கீட்ஸ் போன்ற கவிஞர்கள் இதை ‘அமானுஷ்யமான’ என்ற பொருளில் பெயரடையாக எடுத்துக்கொண்டார்கள். மெல்ல பேய் இறங்கியது, விசித்திரம் மட்டும் மிஞ்சியது. 1923-ல் சிகாகோவில் ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற கதைப் பத்திரிகை தொடங்கியது. கோனன் என்ற புகழ்பெற்ற கதை வீரன் முதலில் வாள் வீசியது அதில்தான். பிற்காலத்தில் பெரிய நாடகாசிரியரான டென்னசி வில்லியம்ஸ் பதின்வயதில் எழுதிய கதையும் 1928-ல் அதில் வந்தது.

2010-ல் ஹென்ரிக், ஹைன், நோரன்சாயன் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு குசும்பு செய்தார்கள். மேற்கத்திய, படித்த, தொழில்மயமான, பணக்கார, ஜனநாயகச் சமூகங்கள் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்தால் ‘வியர்ட்’ வரும். உளவியல் ஆய்வுகளில் கலந்துகொள்பவர்களில் 96% பேர், உலக மக்கள்தொகையில் 12% மட்டுமே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று எடுத்துக்காட்டினார்கள். ‘மனித மனம் இப்படித்தான்’ என்று நாம் படிப்பதில் பாதி, அமெரிக்கக் கல்லூரி மாணவனின் மனம். ஆய்வுக் கட்டுரை உலகில் இதைவிட நல்ல பெயர்சூட்டலை நான் பார்த்ததில்லை.

அடுத்த வீடியோவுக்கு, ‘வழக்கத்துக்கு மாறான, ஒற்றைப்படையான’ என்ற பொருளுள்ள ‘ஆட்’ (odd) என்ற ஆங்கிலச் சொல்லை யோசித்து வைத்திருக்கிறேன். ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் அது முக்கோணத்தின் முனை. இரண்டு பேர் முட்டிக்கொண்டால் தீர்ப்புச் சொல்லும் மூன்றாவது ஆளின் பெயரிலும் அந்தச் சொல் உண்டு. வேண்டுமென்றால் கமெண்டில் ‘ஆட்’ என்று போடுங்கள், வேண்டாம் என்றால் வேறு சொல் சொல்லுங்கள்.