கேட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோர்

நேயர்களுக்கு வணக்கம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் ஆசிரியர் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போகும் நிலவரம் புதிதல்ல. ஒரே வகுப்பில் தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை, கன்னடம் பேசும் வீட்டுப் பிள்ளை, உருது பேசும் வீட்டுப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். சிப்காட்டை ஒட்டிய பள்ளிகளில் இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொள்ளும். தெலுங்கு, கன்னடம், உருது வழியிலேயே பாடம் நடத்தும் பள்ளிகளும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கின்றன. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அங்கேயும் தமிழ் ஒரு பாடமாக வந்துவிட்டது. பிள்ளைகள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். விளையாட்டு மைதானத்தில் இரண்டு மாதம் புரண்டால் அடுத்தவன் மொழி நாக்கில் வந்துவிடும். தடுமாறுவது பெற்றோர்தான்.

"இந்த ஊர்ப் பெற்றோருக்கு அக்கறையே இல்லை சார், கூட்டம் போட்டால் ஒருத்தரும் வருவதில்லை" என்று ஆசிரியர்கள் சலித்துக்கொள்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதே பெற்றோர் மகனை விட்டுவிட்டு, மணி அடிக்கும்வரை கேட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே வந்தால் என்ன பேசுவது, எந்த மொழியில் பேசுவது என்ற கூச்சம்தான் அவர்களை அங்கேயே நிறுத்துகிறது.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் மதிப்பெண் பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். ஒரு அம்மா வந்தார். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்று இருந்தது. உதவிக்கு இருந்தவர் மை டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார். அந்த அம்மா அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவைக் கேட்டு வாங்கி, அழகான கன்னட எழுத்தில் கையெழுத்துப் போட்டார். "ஆனேக்கல்ல பத்தாவது வரைக்கும் படிச்சேன் டீச்சர். தமிழ் பேசுவேன், படிக்கத்தான் வராது" என்றார். எல்லையோர ஊர்களில் இது சாதாரணம். கர்நாடகத்து ஆனேக்கல், மாலூர், ஆந்திரத்துக் குப்பம் பக்கமிருந்து கல்யாணமாகி வந்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் படித்த படிப்பு நம் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. அந்த அம்மாவுக்கு நாம் தமிழில் அச்சடித்த சுற்றறிக்கையைக் கொடுத்தனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறோம்.

சுற்றறிக்கைக்குப் பதில் வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்புங்கள். பேச்சுத் தமிழ் இங்கே பெரும்பாலோருக்குப் புரியும், எழுத்துத்தான் தடை. ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். தெலுங்கோ கன்னடமோ தெரிந்த ஆசிரியர் பள்ளியில் இருந்தால் அதையே அவர் இன்னொரு முறை பேசி அனுப்பலாம். பதிலும் குரலாக வரும். ராத்திரி ஒன்பது மணிக்கு, பின்னால் குக்கர் விசில் அடிக்க வரும். பரவாயில்லை, வருகிறதே.

அடுத்தது, பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக உட்கார வைப்பது. இதை எல்லாரும் செய்கிறோம், கைக்கு வசதி. ஆனால் யோசித்துப் பாருங்கள். "கணக்கில் ரொம்பப் பின்தங்கியிருக்கிறான், வீட்டில் கவனிக்கச் சொல்லுப்பா" என்று அவனிடமே சொல்கிறோம். அவன் அப்பாவிடம் திரும்பி, "நல்லாப் படிக்கிறேன்னு சொல்றாங்க" என்கிறான். அப்பா சந்தோஷமாகக் கும்பிட்டுவிட்டுப் போகிறார். சிரிப்பாக இருந்தாலும் இதில் ஒரு கெடுதல் உண்டு. பெரியவர்கள் இரண்டு பேருக்கு நடுவில் குழந்தைக்கு அதிகாரம் போய்விடுகிறது. தகப்பனுக்கோ மகன் முன்னால் வாயில்லாதவராக நிற்கும் நிலைமை. காலை உணவு சமைக்க வரும் சுயஉதவிக் குழுப் பெண்கள், சத்துணவு அமைப்பாளர், அங்கன்வாடி ஆசிரியை என்று இரண்டு மூன்று மொழி சரளமாகப் பேசுகிறவர்கள் பள்ளி வளாகத்திலேயே இருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள், வருவார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும். வீட்டுச் சண்டை, உடம்புக் கோளாறு, பணக் கஷ்டம் போன்ற விஷயங்களை அதே தெருக்காரர் வழியாகப் பேசாதீர்கள். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் அது பேச்சாகிவிடும்.

பள்ளி மேலாண்மைக் குழு பற்றி ஒரு வார்த்தை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். வாய்ப்புக் குறைந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் உரிய இடம் தர வேண்டும். அப்படிப்பட்ட பிரிவு எது என்று விளக்கும் இடத்தில், சாதி, பொருளாதாரத்தோடு மொழியையும் ஒரு காரணமாகச் சட்டம் குறிப்பிடுகிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனியில் வேலை செய்பவரை, செங்கல் சூளையில் தங்கியிருப்பவரை எந்தக் குழுவில் பார்த்திருக்கிறோம்? உள்ளூரில் நாலு பேருக்குத் தெரிந்தவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். தலைமையாசிரியர் தீர்மானத்தை வாசிப்பார், டீ வரும், நோட்டில் கையெழுத்து வாங்குவார்கள், கூட்டம் முடிந்தது. அதுவும் மாலை மூன்று மணிக்கு! தக்காளித் தோட்டத்தில் நிற்கிறவருக்கு அன்றைய கூலி போகும். கம்பெனியில் இருப்பவருக்கு ஷிப்ட். ஆறரை, ஏழு மணிக்கு, ஊர் நடுவில் இருக்கும் கோவில் திண்ணையிலோ மசூதிக்குப் பக்கத்திலோ வருஷத்துக்கு இரண்டு கூட்டமாவது போட்டுப் பாருங்கள்.

கூட்டத்துக்குக் கூப்பிடுவதை விட, வகுப்புக்குக் கூப்பிடுவது இன்னும் நன்றாக வேலை செய்கிறது. ஐந்தாம் வகுப்பில் அளவைகள் பாடம் நடந்தபோது, ரோஜாப் பண்ணையில் வேலை செய்யும் ஒரு தகப்பனாரைக் கூப்பிட்டோம். ஓரமாக விழுந்து கிடந்த தண்டுகளை ஒரு கட்டாகக் கொண்டுவந்தார். நாற்பது சென்டிமீட்டர் தண்டு ஒரு தரம், ஐம்பது ஒரு தரம், அறுபதுக்கு விலை கூட என்று மேசைமேல் பிரித்து அடுக்கினார். ஒரு கட்டுக்கு இருபது பூ. பாதி தெலுங்கு, பாதி தமிழ். பிள்ளைகள் ஸ்கேலை எடுத்துக்கொண்டு மொய்த்துவிட்டார்கள். இருபதாம் வாய்ப்பாடு அன்றைக்குத்தான் ஒழுங்காக ஏறியது. அவருடைய மகனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்தத் தகப்பனார் அதற்கப்புறம் கூப்பிடாமலே வந்துபோக ஆரம்பித்தார்.

இன்னொன்று. "வீட்டில் தமிழிலேயே பேசுங்கள்" என்று பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறோம். ஆனால் தமிழ் சரியாக வராத அம்மா, பிள்ளையிடம் பேசுவதையே குறைத்துக்கொள்வார். கதை, விடுகதை, சந்தைக் கணக்கு, திட்டு, கொஞ்சல் எல்லாம் அவர் மொழியிலேயே தாராளமாக நடக்கட்டும். ஒரு மொழியில் கோவையாகப் பேசத் தெரிந்த பிள்ளைக்கு இரண்டாவது மொழி சீக்கிரம் பிடிபடும். தொடக்கக் கல்வியில் சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வசதி செய்து தரச் சொல்லி 1956-லேயே அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அம்மா வீட்டில் தெலுங்கு பேசினால் தமிழ் கெட்டுவிடும் என்ற பயத்தை நாமாவது விட்டுவிடலாம்.

ஜூனில் சேர்க்கை நடக்கும்போது விண்ணப்பத்தோடு ஒரு தாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் என்ன மொழி, அம்மாவுக்கு எந்த எழுத்துப் படிக்க வரும், அப்பாவுக்கு எந்த எழுத்து, எத்தனை மணிக்குப் போன் எடுக்க முடியும், பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தர முடியும். அவர்கள் வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை பீரோவில் பூட்டாமல் வகுப்பாசிரியரின் மேசையிலேயே வையுங்கள்.

வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.