விக்ஸ்பர்க்: வழியும் சோறும்

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

அடிமை முறையை விடாமல் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு வடக்கு மாநிலங்கள் நடத்திய அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றதும் எல்லோரும் கெட்டிஸ்பர்க்கைத்தான் சொல்வார்கள். அந்தச் சண்டை ஓய்ந்த மறுநாள், 1863 ஜூலை 4 அன்று, மிசிசிப்பி ஆற்றங்கரையில் விக்ஸ்பர்க் நகரம் சரணடைந்தது. போரின் தலையெழுத்தை மாற்றியது இந்த வெற்றிதான் என்பது என் கட்சி. அந்த வெற்றியைத் தீர்மானித்தவை இரண்டு: வழி, சோறு.

ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. ஆனால் இருந்த இடம் அப்படி. ஆறு கொண்டை ஊசி போல வளைகிற இடத்தில், உயரமான மேட்டில், வரிசையாகப் பீரங்கிகள். 1862-லேயே தெற்கே நியூ ஆர்லியன்ஸும் வடக்கே மெம்பிஸும் வடக்குப் படையிடம் விழுந்துவிட்டன. டெக்சாஸ், லூசியானா, அர்கன்சா பக்கத்திலிருந்து தெற்கத்தியருக்கு மாடும் தானியமும் வர, நடுவில் மிச்சமிருந்த ஆற்றுப் பகுதிக்கு விக்ஸ்பர்க்தான் காவல்.

வடக்குத் தளபதி யூலிசிஸ் கிராண்ட் முதலில் ரயில் பாதையை ஒட்டித் தரைவழியாக இறங்கினார். 1862 டிசம்பர் 20 அன்று ஹோலி ஸ்பிரிங்ஸில் இருந்த அவருடைய கிடங்கை எதிரிக் குதிரைப்படை கொளுத்திவிட்டது. சோறு போனது, படை திரும்பியது. அதே மாதம் அவருக்குக் கீழிருந்த தளபதி ஷெர்மன் சதுப்பு நிலம் வழியாக மோதி ஏராளமான ஆட்களை இழந்தார். குளிர்காலம் முழுக்கக் கால்வாய் வெட்டிப் பார்த்தார்கள், காட்டோடைகளில் படகு விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

பிறகுதான் அந்தத் துணிச்சலான முடிவு. படை மேற்குக் கரை வழியே தெற்கே நடக்க வேண்டும். கப்பல்கள் பீரங்கிகளின் கண்ணெதிரே இரவில் கடக்க வேண்டும். 1863 ஏப்ரல் 16 இரவு வடக்குக் கடற்படைத் தளபதி போர்ட்டரின் கப்பல்கள், பக்கவாட்டில் பஞ்சுப் பொதிகளை அடுக்கிக்கொண்டு கிளம்பின. குறி தெரிவதற்காகத் தெற்கத்தியர் எதிர்க்கரையில் இருந்த வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். ஆறே பகல் போல வெளிச்சமானது. அப்படியும் ஒரே ஒரு சரக்குக் கப்பல்தான் அழிந்தது.

அடுத்து, எங்கே ஆற்றைக் கடப்பது? முதலில் குறித்த இடத்தில் எதிரிப் பீரங்கிகளை அடக்க முடியவில்லை. அப்போது அந்தப் பக்கத்துக் கறுப்பர் ஒருவர் சொன்னார்: கீழே புரூயின்ஸ்பர்க்கில் இறங்கலாம், அங்கிருந்து உள்ளே போக நல்ல சாலை இருக்கிறது. கிராண்டே இதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆனால் வழி சொன்னவரின் பெயர் அதில் இல்லை. அந்தப் போரின் மிகப் பெரிய உளவுத் தகவல்களில் ஒன்றைக் கொடுத்த மனிதர் பெயரில்லாமல் நிற்பது எனக்கு ஆறவே இல்லை.

ஏப்ரல் 30 அன்று படை கரையேறியது. வண்டிகள் போதவில்லை. சுற்றுவட்டாரப் பண்ணைகளில் கிடைத்ததையெல்லாம் பிடித்தார்கள். பண்ணைக்காரர்கள் சவாரி போகும் அலங்கார வண்டிகளில் தோட்டாப் பெட்டிகள் ஏறின. மாடு, கோவேறு கழுதை, எது அகப்பட்டதோ அது இழுத்தது. கிராண்ட் ஊரையே கொள்ளையடித்துச் சாப்பிட்டார் என்று சொல்வதுண்டு. பாதி உண்மை. இறைச்சியும் தீவனமும் ஊரில் எடுத்தது. ரொட்டி, காப்பி, உப்பு ஆற்றிலிருந்து வண்டிகளில் வந்தது.

நேரே விக்ஸ்பர்க்குக்குப் போகாமல் கிழக்கே திரும்பி, மாநிலத் தலைநகர் ஜாக்சனைப் பிடித்து ரயிலை அறுத்தார். போர்ட் கிப்சன், ரேமண்ட், ஜாக்சன், சாம்பியன் ஹில், பிக் பிளாக் ஆறு: மே 1 முதல் 17-க்குள் ஐந்து சண்டை, ஐந்திலும் வெற்றி. எதிரே விக்ஸ்பர்க்கைக் காத்த தெற்குத் தளபதி பெம்பர்ட்டன் வடக்கே பென்சில்வேனியாவில் பிறந்தவர், தெற்கிலேயே பலர் அவரை நம்பவில்லை. நகரத்தை விடாதே என்றார் தெற்கின் அதிபர் டேவிஸ். வெளியே வந்து என்னோடு சேர் என்றார் தளபதி ஜான்ஸ்டன். இரண்டுக்கும் நடுவில் அவர் படையும் அல்லாடியது.

மே 22 அன்று நகரின் அரண்கள் மேல் நடத்திய தாக்குதலில் கிராண்டின் பக்கம் மூவாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள், காயம்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். காயம்பட்டவர்கள் இரு அணிகளுக்கும் நடுவே வெயிலில் கிடந்தார்கள். மே 25 அன்று சண்டை நிறுத்தம் கேட்டவர் பெம்பர்ட்டன்தான். கிராண்டின் மேல் எனக்குள்ள மதிப்பையும் மீறிச் சொல்கிறேன், அது மன்னிக்க முடியாத தாமதம்.

பிறகு முற்றுகை. மக்கள் மேட்டைக் குடைந்து குகைகளில் குடியிருந்தார்கள். கோவேறு கழுதைக் கறி தின்றார்கள். உள்ளூர்ப் பத்திரிகை சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளின் பின்பக்கத்தில் அச்சானது.

ஜூன் 7 அன்று மேற்குக் கரையில் மில்லிகன்ஸ் பெண்டில், கிராண்டின் பழைய விநியோகத் தளத்தைத் தெற்கத்தியர் தாக்கினார்கள். காவலுக்கு நின்றவர்களில் பெரும்பாலோர் அண்மையில்தான் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுப் படையில் சேர்ந்தவர்கள், சரியான பயிற்சிகூட இல்லாதவர்கள். துப்பாக்கிக் கட்டையாலும் துப்பாக்கி முனைக் கத்தியாலும் கைகலந்து நின்றார்கள். கறுப்பர் சேர்க்கையை ஏளனம் செய்த அதிகாரிகளின் பேச்சே அதற்குப் பிறகு மாறியதாக, கிராண்டின் படையோடு இருந்த போர்த் துறைப் பிரதிநிதி டேனா பதிவு செய்திருக்கிறார்.

ஜூலை 4 அன்று சுமார் 29,000 வீரர்கள் ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். அத்தனை பேரையும் ஏற்றிப் போனால் கப்பல்கள் முடங்கும் என்று, கைதிப் பரிமாற்றம் ஆகும்வரை போரிட மாட்டோம் என எழுதி வாங்கி அனுப்பிவிட்டார் கிராண்ட். ஜூலை 9 அன்று ஆற்றில் தெற்கத்தியரின் கடைசிக் கோட்டையான போர்ட் ஹட்சனும் விழுந்தது. ஒரே வாரத்தில் செயின்ட் லூயிஸிலிருந்து கிளம்பிய இம்பீரியல் என்ற நீராவிக் கப்பல் நியூ ஆர்லியன்ஸ் வந்து சேர்ந்தது. வழியில் அதைத் தடுக்க ஒரு பீரங்கியும் இல்லை.

நன்றி, வணக்கம்.