ஒரு தொங்கலுக்கு எத்தனை பேர்?

நேயர்களுக்கு வணக்கம். மக்ரமே, குரோஷே கைவேலைகளைச் செய்து விற்பதைப் பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் யோசனை வந்தது. இரண்டும் கண்ணால் பார்க்க வேண்டிய வேலை. ரேடியோவில் முடிச்சை எப்படிக் காட்டுவது? ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். வீட்டில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சப்பாத்து இருக்கும்தானே. அதன் கயிறு இரண்டையும் உருவி, ஒரு பென்சிலோடு பக்கத்தில் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மக்ரமேக்கு ஊசியும் இல்லை, தறியும் இல்லை. கயிற்றை விரலால் முடிந்து முடிந்து செய்வதுதான். குரோஷேக்கு நுனியில் கொக்கி வைத்த ஒற்றை ஊசி. நூலைக் கண்ணிக்குள் கண்ணியாக இழுத்துக்கொண்டே போக வேண்டும்.

நான் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தின் தொங்கக் காம்பராவில் பிறந்தவள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. தொங்கக் காம்பரா என்றால் அதில் கடைசி வீடு. இப்போது பூச்சட்டித் தொங்கல் செய்து விற்கிறேன். “பொறந்ததும் தொங்கல், பொழைக்கிறதும் தொங்கல்” என்று சிநேகிதிகள் கேலி செய்வார்கள். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்தவர். எனக்குக் குரோஷே சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கன்னியர் மடத்தில் இருந்த ஒரு சிஸ்டர். அப்புறம் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நான்கு வருடம் நின்றேன். 2020இல் ஊரடங்கு வந்ததும் வீட்டுக்குத் திரும்பியவள்தான், மறுபடி போகவில்லை. சும்மா இருந்த நாளில் யூடியூப்பில் மக்ரமே பார்த்தேன். முதல் தொங்கலை உடுப்புக் காயப்போடும் நைலோன் கயிற்றில் செய்தேன். முடிச்சுப் போடப் போட வழுக்கிக்கொண்டு போனது. பருத்திக் கயிற்றின் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்றைக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்தது விலையைப் பற்றி. முடிச்சை யூடியூப் சொல்லிக்கொடுத்துவிடும். விலையை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

2021இல் என் முதல் தொங்கல் விலைபோனது. மூன்றடி நீளம், ஆறு கயிறு, ஒவ்வொன்றும் ஐந்து மீற்றர். கயிறும் மர வளையமும் சேர்த்து 750 ரூபாய் முடிந்தது. கேட்டவர் தெரிந்தவர். 1000 ரூபாய் என்றேன், உடனே எடுத்துக்கொண்டார். 250 ரூபாய் இலாபம் என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தபடி, “எவ்வளவு நேரம் செஞ்ச?” என்று கேட்டார். ஏழு மணித்தியாலம் இருக்கும் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “அரைப்பேரு கூட இல்லியே புள்ள. காப்பேருதான் வுழுந்திருக்கு” என்றார்.

தோட்டத்துக்கு வெளியே இருந்து கேட்பவர்களுக்கு இது புரியாது. எங்களிடம் ஒரு நாள் வேலைக்கு ‘ஒரு பேர்’ என்பார்கள். நிறுவையில் சொன்ன கிலோ நிற்காவிட்டால் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவில், அரைப்பேர்தான் விழும். சொன்னதற்கு மேல் எடுத்தால் மிச்சக் கிலோவுக்குக் கைக்காசு. அந்த 2021இல்தான் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. அதற்காக எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாள் வேலைக்கு ஆயிரம் வேண்டும் என்று கத்திய அதே ஊர்க்காரி, தன் ஒரு நாள் வேலைக்குத் தானே 250 ரூபாய் எழுதிக்கொண்டு வந்து நிற்கிறேன். கணக்கப்பிள்ளை வெட்டினால் சண்டைக்குப் போவோம். இங்கே கணக்கப்பிள்ளையும் நான்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கணக்கு பேர்க் கணக்குதான். ஒரு சீஆர் கொப்பி. ஒரு பக்கத்தில் கயிறு, வளையம், பஸ் காசு, பார்சல் காசு. மறுபக்கத்தில் எத்தனை பேர் என்று. அதை எழுதுவது அம்மா. எனக்கு இரக்கம் வந்து விலையைக் குறைத்துவிடுவேன் என்று கொப்பியை என்னிடம் தருவதில்லை.

ஒரு சந்தேகம் வந்தது. கை பழகியதும் அதே தொங்கலை மூன்றரை மணித்தியாலத்தில் முடிக்க ஆரம்பித்தேன். நேரம் பாதியானால் விலையும் குறைய வேண்டாமா? அம்மா சொன்னார்: கை வேகமான பெண் மத்தியானத்துக்குள் கிலோவை நிறுத்திவிட்டால் அவளுக்கு அரைப்பேரா போடுகிறார்கள்? பேர் பேர்தான், மிச்சம் கைக்காசு. இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

சரி, சப்பாத்துக் கயிறு. இரண்டையும் தனித்தனியாக நடுவில் மடித்து, மடிப்பைப் பென்சிலுக்குப் பின்னால் விட்டு, நுனிகளை அந்த மடிப்புக்குள் நுழைத்து இழுங்கள். இப்போது நான்கு நுனி தொங்கும். நடு இரண்டும் சும்மா நிற்கட்டும். வேலை செய்வது ஓரத்தில் இருக்கிற இரண்டும்தான். இடது ஓரத்தை நடு இரண்டுக்கும் மேலாகப் போட்டு, வலது ஓரத்துக்கு அடியில் விடுங்கள். வலது ஓரத்தை நடு இரண்டுக்கும் பின்னால் கொண்டுபோய், இடப்பக்கம் வளைந்து நிற்கும் ஓட்டைக்குள்ளால் முன்னுக்கு எடுங்கள். இரண்டையும் இழுங்கள். இது பாதி முடிச்சு. மறுபாதிக்கு இதையே வலப்பக்கத்தில் இருந்து தொடங்க வேண்டும். வலது ஓரம் நடுவுக்கு மேலாக, இடது ஓரத்துக்கு அடியில். இடது ஓரம் பின்னால் போய் வலப்பக்க ஓட்டையால் முன்னுக்கு. இழுங்கள். தட்டையாக ஒரு முடிச்சு உட்கார்ந்திருக்கும். அதுதான் சதுர முடிச்சு. தொங்கலில் முக்கால்வாசி வேலை இதுதான்.

இப்போது ஒரு வேடிக்கை. மறுபாதியை விட்டுவிட்டு, இடப்பக்கத்தில் இருந்து மட்டுமே திரும்பத் திரும்பப் போடுங்கள். நாலைந்து முடிச்சு வந்ததும் கயிறு தன்பாட்டில் முறுக்கிக்கொண்டு படிக்கட்டு மாதிரிச் சுற்றும். நான் இதைக் கண்டுபிடித்தது மறதியில். பிழை என்று அவிழ்க்கப் போனேன், தங்கச்சிதான் தடுத்தாள். கடைசியில் அந்த முறுக்குத் தொங்கல்தான் அதிகமாக விலைபோகிறது.

கயிறு வெட்டுவதில் மட்டும் கவனம். முடிச்சு கயிற்றைத் தின்னும். நெருக்கமாக முடிந்தால், முடித்த பொருளின் நீளத்தைப் போல நாலு மடங்கு கயிறு ஒவ்வொரு நுனிக்கும் வேண்டும். நடுவில் மடிப்பதால் வெட்டும்போது எட்டு மடங்கு. இடையிடையே முடிச்சில்லாமல் கயிறு சும்மா ஓடினால் குறைத்து வெட்டலாம். என் தொங்கலுக்கு ஐந்து மீற்றர் போதுமாக இருப்பது அதனால்தான். கயிற்றில் சிக்கனம் பார்த்தால் கடைசிச் சாண் தூரத்தில் கழுத்தைப் பிடிக்கும். ஒட்டுப்போட்டால் கண்ணுக்குத் தெரியும்.

சுவரில் மாட்டும் வேலைக்கு மேலே ஒரு கம்பு வேண்டும். கொழும்பில் இருந்து சீவிய கம்பு வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வாசலிலேயே மிலாறு கிடந்தது. சில வருடத்துக்கு ஒரு தடவை தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவார்கள் அல்லவா, வெட்டிய கிளையை அம்மாமார் விறகுக்குக் கட்டிச் சுமந்து வருவார்கள். அதில் விரல் பருமனுக்கு, ஓரளவு நேராக இருப்பதைப் பொறுக்கித் தோலைச் சுரண்டினால் உள்ளே வழுவழுப்பான மரம். கணுவும் வளைவுமாக இருப்பதுதான் அதன் அழகு. எல்லவில் வெள்ளைக்காரர் ஒருவரிடம் இது தேயிலைக் கம்பு என்று சொன்னேன். அவர் முடிச்சைத் தொடவே இல்லை, கம்பைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவசரப்பட்டுப் பச்சைக் கம்பைப் போட்டால் மட்டும் உளுத்துப்போகும். ஒருமுறை வாங்கியவர் வீட்டில் சுவருக்குக் கீழே மாவு மாவாகக் கொட்டியிருக்கிறது. காசைத் திருப்பிக் கொடுத்தேன். இப்போது அவித்து, மாதக்கணக்கில் காயவைத்த கம்பு மட்டும்தான்.

காயவைப்பது என்றதும் எங்கள் பக்கத்து மழை ஞாபகம் வருகிறது. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாதக் கடைசியில் மழை பிடித்தால் லேசில் விடாது. உடுப்பே காயாது, பருத்திக் கயிறா காயும்? ஒரு ஆடி மாதம், செய்துவைத்த ஏழு தொங்கல்களில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அடுப்புக்கு மேலே கட்டிவைத்தால் பூஞ்சணம் வராது, புகை வாசம் வரும். புகை வாசத்தோடு விற்க முடியாது. மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே துணியில் முடிந்த பச்சரிசி, வெயில் தலைகாட்டும்போதெல்லாம் வாசலில் விரிப்பு. இப்படித்தான் சமாளிக்கிறோம். கயிற்றைக் கிலோக் கணக்கில் வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. ஈரம் குடித்த கயிறு பாரம் காட்டும். கொழுந்தில் தண்ணீர் இருக்கிறது என்று நிறுவையில் கிலோ வெட்டுகிறார்கள். கயிற்றில் தண்ணீர் இருக்கிறது என்று நாங்கள் எந்த முதலாளியிடம் போய் வெட்டச் சொல்வது?

முதலாளி என்றதும் கடைக் கதை. சுற்றுலாப் பயணிகள் வரும் ஒரு ஊரில் ஒரு கடை. ஊரையும் கடையையும் சொல்லவில்லை. “வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் காசு தருகிறேன், நூற்றுக்கு முப்பத்தைந்து எனக்கு” என்றார். பத்துத் தொங்கல் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து நாலுக்குக் காசும் ஆறு தொங்கலும் திரும்பி வந்தன. ஆறும் வெயில் படுகிற வாசலில் தொங்கியவை. சாயம் வெளிறி, பஸ் புகை ஏறி, ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம். எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்கவில்லை என்பதால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். இப்போது கடைக்குக் கொடுத்தால் எண்ணிக்கை, விலை, எத்தனை மாதம், பழுதானால் யார் பொறுப்பு என்று நாலு வரி எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். பாதிக் கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு நானே கொண்டுபோனால், அலைச்சல் இருந்தாலும் காசு கைக்கு வரும். மற்ற மாதங்களில் வட்ஸ்அப்பும் தபாலும்.

2022 பொருளாதார நெருக்கடியை யார் மறப்பார்கள்? மார்ச் தொடங்கும்போது 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கயிறு விலை கண்முன்னால் ஏறியது. என் தவறு, பெப்ரவரியில் பழைய விலைக்கு இருபது தொங்கலுக்கு ஓடர் எடுத்து, முற்பணமும் வாங்கியிருந்தேன். வாக்குக் கொடுத்தாயிற்று, செய்து கொடுத்தேன். அந்த இருபதுக்கும் அம்மாவின் கொப்பியில் ஒரு பேர்கூட விழவில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு வேறு. சதுர முடிச்சை இருட்டிலும் விரல் போடும் என்பதை அப்போதுதான் கண்டேன். குரோஷே அப்படி முடியாது, கண்ணியைப் பார்க்க வேண்டும்.

குரோஷேயில் நான் பட்ட ஒரு வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். சிஸ்டர் எனக்குச் சொல்லித்தந்தது பிரிட்டிஷ் கணக்கு. அதில் ‘டபிள்’ என்றால் குட்டையான பின்னல். அமெரிக்கக் கணக்கில் அதே ‘டபிள்’ உயரமான பின்னல். சொல் ஒன்று, பின்னல் வேறு. இது தெரியாமல் ஒரு அமெரிக்கக் குறிப்பைப் பார்த்து, ஆறு மாதக் குழந்தைக்குக் குல்லா பின்னினேன். முடித்துப் பார்த்தால் ஆனைக்கொய்யாவுக்குத்தான் போடலாம். குறிப்பைக் கையில் எடுத்ததும் இது எந்த நாட்டுக் கணக்கு என்று முதலில் பாருங்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஸ்வெட்டர் பின்ன மெஷின் இருக்கிறது. ஆனால் கொக்கி ஊசிக் குரோஷேயை அப்படியே பின்னித் தரும் மெஷின் இன்றைக்கும் கடைகளுக்குச் சரக்குப் போடுவதில்லை. டவுனில் இருநூறு ரூபாய்க்குக் குரோஷே மேசைவிரிப்பு பார்த்தால், “மெஷின்ல செஞ்சிருப்பாங்க, அதான் மலிவு” என்பார்கள். அது நிஜக் குரோஷே என்றால், எங்கோ ஒரு பெண் கையால் பின்னியதுதான். அவளுக்கு என்ன விழுந்திருக்கும் என்று அம்மாவிடம் கேட்டேன். விரிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கண்ணிகளை எண்ணிவிட்டு, “இது ரெண்டு பேரு வேலை” என்றார். விலையைச் சொன்னதும் மடித்து என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

இப்போது எங்கள் லயத்தில் இன்னும் இரண்டு பெண்கள் என்னோடு சேர்ந்து முடிகிறார்கள். சம்பள நாளில் அம்மா கொப்பியைத் திறந்து சத்தமாக வாசிப்பார். போன மாதம் ஒருத்திக்குப் பதினொரு பேரும் கைக்காசும் வந்தது. அவள், “அம்மாயி, வாசிச்சத இன்னொருக்கா வாசிங்க” என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். சப்பாத்துக் கயிற்றில் போட்ட முடிச்சைப் பிள்ளைகள் பார்த்து ரசித்ததும் அவிழ்த்து, மறுபடி சப்பாத்தில் கோர்த்துவிடுங்கள். நாளைக் காலையில் பள்ளிக்கூட பஸ் நிற்காது. வணக்கம்.